அலை இல்லாத இடம்: புக்கெட் கடற்கரையில் ஒரு விடுமுறை, ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் குடும்பம் என் தங்கையின் குடும்பம். நானும் உடன் இருந்தேன், ஆகவே இதை வெளியாள் எழுதிய ஆய்வு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நேரங்களை மட்டும் நினைவிலிருந்து எழுதவில்லை. மூன்று கைபேசிகளில் இருந்த படங்கள், ஒரு காணொளி, மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஊர் திரும்பிய பிறகு நானும் தங்கை மகளும் உட்கார்ந்து வரிசைப்படுத்தினோம். எல்லோருடைய சம்மதத்தோடும் எழுதுகிறேன். விடுதி, பயண முகவர், மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனம் எதன் பெயரையும் சொல்லவில்லை. சொல்வதால் படிப்பவருக்கு ஆகப்போவதும் ஒன்றும் இல்லை.

பின்னணி

கோயம்புத்தூரிலிருந்து கிளம்பியவர்கள் ஆறு பேர். மைத்துனருக்கு 44 வயது, தங்கைக்கு 40, மகளுக்கு 15, மகனுக்கு 10. மைத்துனரின் தாயார், நான் அத்தை என்று அழைப்பவர், 68 வயதுக்காரர். எனக்கு 51. தாய்லாந்தின் புக்கெட் தீவில், கரோன் கடற்கரைக்கு எதிரே சாலையைத் தாண்டினால் மணல் என்கிற தொலைவில் இருந்த விடுதியில் ஐந்து இரவுகள். மே மாதத்தின் கடைசி வாரம்.

அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தது பள்ளி விடுமுறைக்காக. விலையும் ஒரு காரணம். டிசம்பரில் கேட்ட தொகையில் பாதிக்கும் சற்றே மேல்தான் வந்தது. பயண முகவர் அதைச் சலுகை என்று சொன்னார், நாங்களும் சலுகை என்றே கேட்டுக்கொண்டோம். புக்கெட்டின் மேற்குக் கரை அந்தமான் கடலைப் பார்த்தது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக அந்தக் கரையில் மோதும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை குளம்போல் கிடக்கும் அதே கடற்கரைகள் இந்த மாதங்களில் வேறு கடற்கரைகள். விலை குறைந்ததற்குக் காரணம் இதுதான். கேரளத்தில் மழை எப்போது தொடங்கும் என்று வாளையார் கணவாய்க் காற்றிலேயே கண்டுபிடிப்பவர்கள் நாங்கள். அதே காற்று அங்கேயும் வீசும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நீச்சல் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. மைத்துனருக்கு நன்றாக நீச்சல் தெரியும். அன்னூர்ப் பக்கம் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டிப் பழகி, பத்து வயதில் கிணற்று மேட்டிலிருந்து குதித்தவர். கிணற்று நீச்சல்காரருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எந்தப் பக்கம் போனாலும் நாலு கை வீசினால் சுவரோ படியோ கைக்கு வந்துவிடும். பையன் அந்த ஏப்ரலில்தான் நகரில் ஒரு நீச்சல் குளத்தில் கோடைப் பயிற்சி முடித்திருந்தான். தங்கைக்கும் மகளுக்கும் நீச்சல் தெரியாது. எனக்குத் தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

முதல் நாள், இரண்டாம் நாள் காலை

முதல் நாள் மாலை போய்ச் சேர்ந்தோம். அறைச் சாவியோடு நான்கு தாள்கள் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். கொடிகளின் பொருள் மூன்றாவது தாளில் இருந்தது. சிவப்புக் கொடி என்றால் கடலில் இறங்கக் கூடாது. மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும் கடற்கரை உயிர்காப்புக் காவலர் கண்காணிப்பில் குளிக்கலாம். இதை நாங்கள் படித்தது நான்கு நாள் கழித்து, காப்பீட்டுக்காகத் தாள்களைத் தேடியபோது. கையெழுத்து என்னுடையதுதான்.

இரண்டாம் நாள் பீ பீ தீவுகளுக்குப் படகில் போவதாக ஏற்பாடு. காலை ஏழு மணிக்கு வேனுக்காகக் காத்திருந்தபோது, அலை அதிகம், படகு கிளம்பாது என்று செய்தி வந்தது. பையன் முகம் தொங்கிப்போனது. விடுதி நீச்சல் குளத்தை அன்று பதினொரு மணி வரை சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அப்படியானால் எதிரே இருக்கும் கடலுக்காவது போகலாம் என்றார் மைத்துனர். படகை நிறுத்திய கடலும் எதிரே இருந்த கடலும் ஒன்றுதான் என்பதை ஆறு பேரில் ஒருவரும் சொல்லவில்லை. அத்தை மட்டும் “காலை நனைத்தால் போதாதா?” என்று கேட்டார். அது பதில் தேவைப்படாத கேள்வியாக எங்கள் காதில் விழுந்தது.

வழியில் ஒரு கடையில் பையனுக்கு நுரைப்பலகை ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். அவன் மார்பு உயரம் இருக்கும், மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு.

கண்ணில் பட்டவை

கரோன் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமான, கிட்டத்தட்ட நேரான கடற்கரை. மணல் அவ்வளவு மென்மை, நடந்தால் காலடியில் கீச்சென்று சத்தம் வரும். பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்காகவே முன்னும் பின்னும் ஓடினார்கள்.

எங்களுக்கு வடக்கே ஒரு சிவப்புக் கொடி பறந்தது. எல்லோரும் பார்த்தோம். பார்க்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது, 9.41க்கு எடுத்த படத்தில் அது தெளிவாக இருக்கிறது. ஆனால் தெற்கே ஏழெட்டு பேர் தண்ணீரில் இருந்தார்கள். ‘அவர்கள் இறங்கியிருக்கிறார்களே’ என்பதுதான் எங்கள் வாதம். பிறகுதான் தெரிந்தது, அவர்கள் அலைச்சறுக்குக்காரர்கள். மே முதல் அக்டோபர் வரை அவர்களுக்குத்தான் இங்கே பருவம். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தைத் தேடிப் பிடித்து, அதன்மேல் பலகையில் படுத்துச் சிரமமில்லாமல் உள்ளே போவார்கள். அதாவது, பாதுகாப்புக்கு அடையாளம் என்று நாங்கள் எடுத்துக்கொண்ட ஆட்கள் ஆபத்தை வாகனமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது இடம். இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடைந்துகொண்டிருந்தது. நடுவே முப்பது நாற்பது தப்படி அகலத்துக்கு அலையே உடையவில்லை. தண்ணீர் அங்கே சற்றுக் கருமையாக, கலங்கலாக, சுருக்கம் விழுந்த துணிபோல் இருந்தது. நுரைத் திட்டுகள் சில மெதுவாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. மைத்துனர் கையைக் காட்டி, “இங்கேதான் அலை இல்லை, வா கண்ணு” என்று மகனைக் கூப்பிட்டார். எனக்கும் அது நல்ல தேர்வாகவே பட்டது.

அந்த இடத்தைப் பற்றிச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன், இந்த ஆய்வை எழுதியதே இதற்காகத்தான். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எங்காவது திரும்பிப் போக வேண்டும். கரைக்குச் சற்றுத் தள்ளி நீருக்கடியில் மணல்திட்டு இருந்தால், அதில் உடைப்பு உள்ள இடம் வழியாக வாய்க்கால்போல் ஒன்றுசேர்ந்து ஓடும். ஓடி ஓடி அந்த இடம் ஆழமாகும். ஆழமான இடத்தில் அலை உடையாது. அதனால்தான் அது அமைதியாகத் தெரிகிறது. ரிப் கரண்ட் என்று சொல்லப்படும் இந்த இழுப்பின் வேகம் சில நேரம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். எதிர்த்து நீந்தி வெல்ல உலகப் போட்டி நீச்சல்காரருக்கே முடியாத வேகம் அது. ஆனால் அது ஆளைக் கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். அலை உடையும் கோட்டைத் தாண்டியதும் பெரும்பாலும் தளர்ந்துவிடும். அகலமும் அதிகம் இல்லை. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் வெளியே வந்துவிடலாம். நீந்தத் தெம்பில்லை என்றால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்திக் காட்ட வேண்டும்.

இதில் ஒரு வரியும் அன்று எங்களுக்குத் தெரியாது.

9.41 முதல் 9.58 வரை

9.41 படத்தில் தந்தையும் மகனும் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கிறார்கள். பின்னால் இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவே அந்தக் கருமை. 9.47 படத்தில் பையன் பலகையின்மேல் படுத்துச் சிரிக்கிறான், தந்தைக்கு இடுப்பளவு தண்ணீர்.

9.49க்கு மகள் காணொளி எடுக்கத் தொடங்கினாள். முதல் நிமிடத்தில் மூன்று பெரிய அலைகள் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றாவது திரும்பும்போது பையனின் பலகை சட்டென்று நகர்கிறது. தந்தை எட்டிப் பிடிக்கப் போகிறார், அவருக்கும் கால் தரையில் இல்லை. அதன்பின் படம் ஒருமுறை சுழன்று, மீதி பத்து நிமிடமும் மேகமூட்டமான வானமும் எங்கள் குரல்களும்தான். கைபேசியைப் பாயின்மேல் போட்டுவிட்டு மகள் ஓடியிருக்கிறாள்.

எங்கே ஓடினாள் என்பது முக்கியம். தண்ணீரை நோக்கி அல்ல, கொடிக்குப் பக்கத்தில் இருந்த காவல் கோபுரத்தை நோக்கி. காலையில் கழிப்பறை எங்கே என்று கேட்க அங்கே போயிருந்ததால் ஆள் இருப்பது அவளுக்குத் தெரியும். காணொளியின் ஒலியில் அதற்கு முன்பே இரண்டு முறை விசில் கேட்கிறது. எங்களை நோக்கித்தான் ஊதியிருக்கிறார்கள். சறுக்குக்காரர்களை எச்சரிக்கிறார்கள் என்று நினைத்தோம்.

தங்கையின் குரல் முதலில் சிரிப்பாக, பிறகு பெயர் சொல்லி, பிறகு வெறும் கத்தலாக மாறுகிறது. அத்தையின் குரல் மட்டும் தாழ்ந்த குரல்: “கையை அசைக்கவில்லையே தம்பி. தலை மட்டும் மேலே கீழே போகிறது.” கவனித்துச் சொன்னது அவர் ஒருவர்தான். மைத்துனர் கூச்சல் போடவில்லை, கை வீசவில்லை. கரையைப் பார்த்தபடி நேராக நீந்த முயன்றுகொண்டிருந்தார், தூரம் குறையவில்லை. பிறகு உடல் செங்குத்தானது, வாய் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வந்து போனது. மூச்சுக்குத் தவிப்பவரால் குரல் கொடுக்க முடியாது. பார்ப்பவருக்கு அவர் சும்மா நிற்பதுபோலவே இருக்கும்.

நான் சட்டையோடு இறங்கினேன். கையில் ஒன்றும் இல்லை. மார்பளவு போனதும் காலடி மணல் உருவிக்கொண்டு போவதை உணர்ந்தேன். பின்னாலிருந்து ஒருவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். பாய் வாடகைக்கு விடும் உள்ளூர்ப் பெண்மணி, என் தோள் உயரம்கூட இல்லை. திட்டினார் என்றே நினைக்கிறேன், மொழி புரியவில்லை. என்னைக் கரைப்பக்கம் தள்ளிவிட்டு, கடலைப் பார்த்து இரண்டு கைகளையும் பக்கவாட்டில் வீசி வீசிக் காட்டினார். அது மைத்துனருக்கான செய்தி. பக்கவாட்டில் வா என்று. எனக்கு அது அன்று இரவுதான் விளங்கியது.

காணொளியின் ஏழாவது நிமிடத்தில், அதாவது 9.56க்கு, தங்கை “பிடித்துவிட்டார்” என்று அலறுகிறாள். மஞ்சள் மிதவையோடு போன காவலர் மைத்துனரை அடைந்துவிட்டார். இரண்டாவது காவலர் பையனிடம் போய்க்கொண்டிருந்தார். பையன் அலைக்கோட்டுக்கு வெளியே, பலகையைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தான். இழுப்பு அவனை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டிருந்தது. அவன் தலைமுடிகூட முழுக்க நனையவில்லை என்பதைப் பிற்பாடு பலமுறை பேசினோம். 9.58க்கு இருவரும் கரையில்.

கரையில் எடுத்த முடிவுகள்

மைத்துனருக்கு நினைவு இருந்தது, மூச்சும் இருந்தது. விடாத இருமல், வாயோரம் நுரை. அத்தை அவரைக் குப்புறப் போட்டு வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க வேண்டும் என்றார். எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வதும் அதுதான், நானும் குனிந்துவிட்டேன். காவலர் என் கையைத் தட்டிவிட்டார். வயிற்றை அமுக்கினால் வருவது வாந்தி, அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். மூச்சு நின்றிருந்தால் முதலில் வாயோடு வாய் வைத்துக் காற்றுக் கொடுத்திருப்பார்கள். மூச்சு இருந்ததால் முதுகைச் சாய்த்து உட்காரவைத்து, ஆம்புலன்சுக்கு 1669 அழைத்தார்கள்.

இங்கே நாங்கள் எடுத்த தவறான முடிவு ஒன்று உண்டு. பத்து நிமிடத்தில் மைத்துனர் தேறியவர்போல் பேசினார். “கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டேன், அவ்வளவுதான். அறைக்குப் போய்ப் படுக்கிறேன்” என்றார். செலவை நினைத்து நானும் தங்கையும் தயங்கினோம். வந்த ஆம்புலன்சைத் திருப்பி அனுப்பினோம். காவலர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். அறையில் இருமல் நிற்கவில்லை. பதினொரு மணிக்கு உதடு வெளுத்து, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாமல் திணறியபோதுதான் விடுதியில் சொல்லி வண்டி பிடித்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் வீணாயிற்று.

தமிழில் நீரில் மூழ்கினார் என்றால் அடுத்த சொல் ‘இறந்தார்’ என்றுதான் காதில் விழும். ஆள் பிழைத்துவிட்டால் அவர் மூழ்கவில்லை என்றே எண்ணுகிறோம். 2002இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலக மாநாட்டில் ஏற்கப்பட்ட வரையறை வேறு. நீருக்குள் அகப்பட்டு மூச்சுக்குத் தடை ஏற்பட்டாலே அது மூழ்கல்தான், பிழைப்பதும் சாவதும் அதன் முடிவுகள். நுரையீரலுக்குள் கொஞ்சம் நீர் போனாலும் அடுத்த சில மணி நேரத்தில் மூச்சு மோசமாகலாம். இருமல் தொடர்கிறவரை, எவ்வளவு நன்றாகப் பேசினாலும், மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க வேண்டியது அதனால்தான்.

மருத்துவமனையும் காப்பீடும்

சேர்க்கும்போது ரத்த ஆக்சிஜன் அளவு 91 சதவீதம். நுரையீரலின் கீழ்ப்பகுதியில் கரகரப்பு, எக்ஸ்ரேயில் இரு பக்கமும் மங்கல். முகமூடி வழியாக ஆக்சிஜன், ஓர் இரவு கண்காணிப்பு. மறுநாள் பிற்பகல் ஆக்சிஜன் இல்லாமலே 97 இருந்தது, அனுப்பிவிட்டார்கள். விமானப் பயணத்துக்குத் தடை இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டோம். திட்டமிட்ட நாளிலேயே ஊர் திரும்பினோம்.

காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்டது கொடியைப் பற்றித்தான். சிவப்புக் கொடி இருந்ததா, தெரிந்தே இறங்கினாரா? தெரிந்தே ஆபத்தில் இறங்கினால் பணம் இல்லை என்று விதி இருக்கிறது. மகனைக் காப்பாற்றப் போனார் என்று மட்டும் எழுதலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். மைத்துனர் மறுத்துவிட்டார். உள்ளதை உள்ளபடி எழுதிக்கொடுத்தோம். ஏழு வாரம் கழித்து ஒரு பகுதி வந்தது, மீதி வரவில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்றாம் தாளில் என் கையெழுத்து இருக்கிறதே.

பின்விளைவு

பையன் அன்று அழவே இல்லை. திரும்பி வந்து இரண்டு வாரம் கழித்துத்தான், குளியலறையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் கையைத் தட்டிவிடத் தொடங்கினான். நீச்சல் பயிற்சியாளரிடம் நடந்ததை முழுக்கச் சொன்னோம். அவர் ஒரு மாதம் வரை அவனை நீந்தவே வைக்கவில்லை, மல்லாந்து மிதக்க மட்டும் கற்றுக்கொடுத்தார். இப்போது நீந்துகிறான்.

மைத்துனரின் பேச்சில் அதன்பின் கிணறு வருவதே இல்லை. பையனை இறக்கியது தவறு என்று தங்கை சொல்கிறாள். பலகை நகர்ந்த பிறகு தான் பின்னால் போனது சரிதான் என்கிறார் மைத்துனர். இரண்டில் எனக்குத் தங்கை சொல்வதே சரியாகப் படுகிறது. ஆனாலும் அந்த நொடியில் எந்தத் தகப்பன் கரையில் நின்றிருப்பான் என்று கேட்டால் பதில் இல்லை. அவர் போகாமல் இருந்திருந்தாலும் பலகை பையனைத் தாங்கியிருக்கும் என்பது உண்மைதான். அது பிறகு தெரிந்த உண்மை.

மகளை யாரும் பாராட்டவில்லை என்பதை ஊருக்கு வந்து, அந்தக் காணொளியின் ஒலியைக் கேட்கும்போதுதான் உணர்ந்தேன். அப்பா போகும்போது தான் எதிர்த்திசையில் ஓடியதை அவள் ஒரு குற்றம்போல் சுமந்துகொண்டிருந்தாள். அன்று ஆறு பேரில் சரியான முடிவை எடுத்தவள் அவள் ஒருத்திதான் என்று உட்காரவைத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

மாற வேண்டியவை

மே மாதத்தில் தாய்லாந்துக் கடல்தான் வேண்டும் என்றால் சாமுய்த் தீவு இருக்கும் வளைகுடாப் பக்கம் பொதுவாக இதைவிட அமைதி. அங்கே கடுமையான மழை அக்டோபர், நவம்பர், டிசம்பரில். புக்கெட்தான் வேண்டும் என்றால் நீச்சல் குளமும் ஊர் சுற்றலும் என்று திட்டமிட வேண்டும், கடலை அறையிலிருந்து பார்த்தால் போதும். முகவரிடம் விலை ஏன் குறைவு என்று கேட்பதற்கு நாங்கள் வெட்கப்பட்டிருக்க வேண்டியதில்லை.

சிவப்புக் கொடி என்றால் அன்று கடல் இல்லை. கணுக்கால் வரை, காலை மட்டும் என்ற பேரம் அதில் கிடையாது. மெரினாவில் குதிரைப் போலீஸ் விரட்டினால் எழுந்து வருகிறவர்கள், விரட்ட ஆள் இல்லாத வெறும் துணிக்கு மதிப்புக் கொடுப்பதில்லை. எங்களைத்தான் சொல்கிறேன். இறங்கலாம் என்கிற நாளிலும் பத்து நிமிடம் கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்க வேண்டும். வெள்ளைக்கு நடுவே கருமையான இடைவெளி இருந்தால் அதிலிருந்து விலகியே இறங்க வேண்டும்.

காப்பாற்றப் போகிறவர் மிதக்கும் பொருள் ஏதாவது இல்லாமல் இறங்கக் கூடாது. மூடிய காலித் தண்ணீர்க் கேன் பாயின் பக்கத்திலேயே இரண்டு கிடந்தன. அன்று அந்தப் பெண்மணி என்னைப் பிடித்து இழுக்காமல் விட்டிருந்தால் காவலர்களுக்கு மூன்றாவது ஆள் கிடைத்திருப்பான். மறுநாள் மாலை அவரைத் தேடிப் போனேன். மழை, கடற்கரையில் யாரும் இல்லை. அதற்கு அடுத்த நாள் பார்த்தேன். நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே தாய்லாந்து மொழிச் சொல்லைச் சொன்னேன். அவர் என் சட்டையைத் தொட்டுக் காட்டி, கிழிந்ததா என்று சைகையில் கேட்டுச் சிரித்தார்.

அடுத்த மே மாதத்துக்கு ஏற்காட்டில் அறை போட்டிருக்கிறார்கள். ஏரியில் படகு ஏறினால் மிதவைச் சட்டை தருவார்களா என்று பையன் கேட்டானாம். மைத்துனர் தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.